ஐசியா, என்சியா?

நேபாளத்துக்கு விமானத்தில் போனால் டிக்கெட்டுக்கே பாதிப் பணம் போய்விடும் என்று, கோயம்புத்தூரில் ராப்திசாகர் எக்ஸ்பிரஸ் ஏறினேன். ஸ்லீப்பர் பெட்டியில் இரண்டு ராத்திரி. மூன்றாம் நாள் கோரக்பூரில் இறங்கியபோது முதுகுக்குத் தனியாக ஒரு டிக்கெட் எடுத்திருக்கலாம் போலிருந்தது. அங்கிருந்து நேபாள எல்லையான சுனௌலிக்கு ஏறக்குறைய 100 கிலோமீட்டர். பேருந்து இருக்கிறது, மூன்று மணி நேரம் ஆகும்.

எல்லையில் ஒரு பெரிய வளைவு. அதன் கீழே லாரி, ரிக்‌ஷா, தலையில் மூட்டையோடு பெண்கள் என்று எல்லாரும் போகிறார்கள். நாமும் நடந்தே போகலாம். நமக்கு விசா தேவையில்லை. ஆனால் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை கையில் இருக்கட்டும். ஆதாரை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள்.

அந்தப் பக்கம் கால் வைத்த பத்தாவது நிமிடமே ஏமாந்தேன். நான் போக வேண்டிய மலையடிவார நகரமான பொக்காராவுக்குப் பேருந்து டிக்கெட் 1,200 என்றார் டிக்கெட் விற்றவர். நானும் பன்னிரண்டு நூறு ரூபாய் நோட்டுகளை எண்ணிக் கொடுத்தேன். (பெரிய நோட்டு செல்லாது என்று கேள்விப்பட்டு, ஊரிலிருந்தே நூறு ரூபாய்க் கட்டாகக் கொண்டுபோயிருந்தேன். இந்த விதி அவ்வப்போது மாறுகிறது, கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.) பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர் கோயம்புத்தூர் ஓட்டலில் நான்கு வருடம் வேலை பார்த்தவராம். "எவ்வளவு குடுத்தீங்க அண்ணா?" என்று தமிழிலேயே கேட்டார். சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டார். "ஐசியா, என்சியான்னு கேக்கலையா?"

ஐசி என்றால் இந்தியப் பணம், என்சி என்றால் நேபாளப் பணம். 1993 முதல் நம்முடைய 100 ரூபாய்க்கு அவர்களுடைய 160 ரூபாய் என்பது மாறாத கணக்கு. டிக்கெட்காரர் சொன்ன 1,200 என்சி, அதாவது நம் பணத்தில் 750. அதை நான் ஐசியாகக் கொடுத்து 450 ரூபாயைத் தொலைத்திருக்கிறேன். பொய் சொன்னார் என்றும் சொல்ல முடியாது, நான் கேட்கவில்லை, அவர் வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான். அதன்பிறகு டீ குடித்தால்கூட முதல் கேள்வி இதுதான். எல்லைக்குப் பக்கத்தில் பணத்தை மாற்றிக்கொண்டு என்சியிலேயே செலவு செய்வது இன்னும் நல்லது. கடையில் ஐசி கொடுத்தால் 1.6-ஐ 1.5 ஆக்கிவிடுகிறார்கள்.

இன்னொன்று, கடிகாரம். நேபாளம் நமக்குப் பதினைந்து நிமிடம் முன்னால் ஓடுகிறது. பதினைந்து நிமிடம்தானே என்று கையிலிருந்த வாட்சை மாற்றாமல் விட்டுவிட்டேன். திரும்பும் நாளில், விடியற்காலைப் பேருந்துக்குப் பின்னாலேயே பையோடு ஓடினேன். "தாய், தாய்" என்று கத்தி நிறுத்தினார்கள் பக்கத்தில் நின்றவர்கள். அங்கே கண்டக்டரும் தாய், கடைக்காரரும் தாய்; நேபாளியில் அண்ணன் என்று அர்த்தம்.

மலைப்பாதையில் கிலோமீட்டரைப் பார்த்து நேரத்தைக் கணக்குப் போடக் கூடாது. எல்லையை ஒட்டிய பைரஹவாவிலிருந்து பொக்காராவுக்கு 180 கிலோமீட்டர் சொச்சம்தான், எங்களுக்கு ஒன்பது மணி நேரம் ஆனது. வாந்தி வரும் ஆசாமியானால் மாத்திரையும் முன்சீட்டும் அவசியம்.

பொக்காராவிலிருந்து காந்துருக் கிராமத்துக்குப் போக அன்னபூர்ணா பகுதிக்கான அனுமதிச் சீட்டு வேண்டும். வெளிநாட்டவருக்கு 3,000, நம்மைப் போன்ற சார்க் (தெற்காசியக் கூட்டமைப்பு) நாட்டவருக்கு 1,000, இரண்டுமே என்சி. என் முகத்தைப் பார்த்தால் தெரியாதா என்று சும்மா நிற்காமல், அடையாள அட்டையை முதலிலேயே நீட்டிவிடுங்கள். பாஸ்போர்ட் அளவுப் போட்டோக்களை ஊரிலேயே எடுத்துக்கொண்டு போனால் அங்கே ஸ்டுடியோ தேடி அலைய வேண்டாம். அந்தக் கிராமத்துக்கு ஜீப்பும் போகிறது, பாக்லுங் பஸ் நிலையத்திலிருந்து லோக்கல் பேருந்தும் போகிறது. நான் பேருந்தில்தான் போனேன். இறங்கிக் கல் படிகளில் ஏறினால் மூச்சு வாங்கும், நின்று நிமிர்ந்தால் மச்சாபுச்சரே பனிச்சிகரம்.

அங்கே அறை வாடகை ஆச்சரியப்படும் அளவுக்குக் குறைவு. சும்மா இல்லை. ராத்திரிச் சாப்பாடும் காலைப் பலகாரமும் அதே வீட்டில்தான் என்பது எழுதாத ஒப்பந்தம். வாடகையைப் பேரம் பேசி நூறு ரூபாய் குறைப்பதைவிட, வெந்நீர்க் குளியலும் போன் சார்ஜும் அதில் சேர்த்தியா என்று கேட்பது மேல். மேலே போகப் போக எல்லாவற்றின் விலையும் ஏறும், எல்லாம் முதுகிலும் கோவேறு கழுதையிலும் வருகிறதல்லவா. பாட்டில் தண்ணீர் வாங்காமல், கொதிக்க வைத்த தண்ணீரை என் பாட்டிலில் நிரப்பிக்கொண்டேன்.

சாப்பாட்டுக்கு நூடுல்ஸ், பீட்சா என்று போகாமல் தால் பாத் சொல்லுங்கள். சோறு, பருப்பு, கீரை, ஒரு காய், ஊறுகாய். நம்மூர் மெஸ் மாதிரியேதான்: தட்டு காலியாகும்போதெல்லாம் அந்த அம்மா வந்து இன்னொரு கரண்டி போடுவார். விலை ஒன்றுதான். மூன்றாவது முறை சோறு கேட்டபோது எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. அவர் சிரித்துக்கொண்டே பருப்பையும் ஊற்றினார்.

திரும்பி வரும்போது எல்லையில் மிச்சமிருந்த என்சியை மாற்றிக்கொண்டேன். சில்லறையை மட்டும் வாங்க மாட்டேன் என்றுவிட்டார்கள். அதற்கு மோமோ சாப்பிட்டேன், ஒரு தட்டு, விலையை முதலிலேயே கேட்டுவிட்டு.