50 மீட்டர் போதும்: காட்ஸில்லா மைனஸ் ஒன்னின் பிரம்மாண்டம்

2016-ல் வந்த ‘ஷின் காட்ஸில்லா’ படத்தில் காட்ஸில்லா என்ற ராட்சத மிருகத்தின் உயரம் 118.5 மீட்டர். 2014-ல் ஹாலிவுட் எடுத்தது 108 மீட்டர். 2023 நவம்பர் 3 அன்று ஜப்பானில் வெளியான ‘காட்ஸில்லா மைனஸ் ஒன்’ படத்தில் இயக்குநர் தகாஷி யமசாகி அதை 50.1 மீட்டருக்குக் குறைத்துவிட்டார். 1954-ல் வந்த முதல் காட்ஸில்லாவும் 50 மீட்டர்தான். ஆனாலும் இவற்றில் மிகப் பெரிதாகத் தெரிவது யமசாகியின் காட்ஸில்லாதான். அது எப்படி என்று பார்ப்போம். முடிவைச் சொல்லப் போவதில்லை.

கதை நடப்பது போரில் எரிந்து மீண்டும் எழும் 1947 டோக்கியோவில். அங்கே கட்டடங்கள் குட்டை. 100 மீட்டர் மிருகத்தை நிறுத்தினால் நகரமே கணுக்காலுக்குக் கீழே போய்விடும். மனித முகமும் மிருகத்தின் முகமும் ஒரே ஃபிரேமில் சேராது. 50 மீட்டரில் சேரும். டோக்கியோவின் கின்ஸா பகுதியில் அது ரயில் பெட்டியை வாயில் கவ்வித் தூக்கும்போது, உள்ளே கம்பியைப் பிடித்துத் தொங்கும் நாயகி நோரிகோவும் நமக்குத் தெரிகிறாள். கேமராவும் பெரும்பாலும் தெருவில் ஓடுகிறவர்களின் கண் மட்டத்திலேயே நிற்கிறது.

அடுத்தது வேகம். 50 மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஒரு கல் தரையைத் தொட சுமார் 3.2 வினாடி ஆகும். அதையே 25-ல் ஒரு பங்கு மினியேச்சரில், அதாவது சின்ன மாதிரி செட்டில், எடுத்தால் உயரம் 2 மீட்டர், விழும் நேரம் 0.64 வினாடி. ஐந்து மடங்கு வேகம்! அதனால் வினாடிக்கு 24 ஃபிரேமுக்குப் பதிலாக 120 ஃபிரேமில் எடுத்து, சாதாரண வேகத்தில் ஓட்ட வேண்டும். ரப்பர் உடைக்குள் ஆள் நடித்த காலத்திலிருந்தே கேமராவை வேகமாக ஓட்டியதற்குக் காரணம் இதுதான். கம்ப்யூட்டரில் எந்த வேகமும் கொடுக்கலாம் என்பதால்தான் பல படங்கள் கோட்டை விடுகின்றன. மிருகம் குத்துச்சண்டைக்காரனைப் போலக் கையை வீசியதுமே அதன் எடை காணாமல் போகிறது. இங்கே ஒவ்வொரு காலடியும் நேரம் எடுத்தே இறங்குகிறது. தரை அதற்குப் பிறகுதான் எகிறுகிறது.

தண்ணீர்தான் இந்தப் படத்தின் உச்சம். மினியேச்சர் கடலை நம்ப வைப்பது எப்போதுமே கஷ்டம், ஏனென்றால் தொட்டியைச் சின்னதாக்கலாம், நீர்த்துளியைச் சின்னதாக்க முடியாது. 4 மில்லிமீட்டர் துளி 25-ல் ஒரு பங்கு அளவில் 10 சென்டிமீட்டராக, தேங்காய் போலத் தெரியும். கண் உடனே கண்டுபிடித்துவிடும். யமசாகி படகை நிஜக் கடலுக்குக் கொண்டுபோய் எடுத்தார். துரத்தும் காட்ஸில்லாவும் அது கிளப்பும் அலையும் கிராபிக்ஸ். அந்தத் துரத்தலில் அலை, நுரை, காற்றில் பறக்கும் சாரல் மூன்றையும் தனித்தனியாகக் கவனியுங்கள். தலைக்கு முன்னால் தண்ணீர் முதலில் மலைபோல் உப்பி, பிறகே உடைகிறது. தண்ணீர்க் காட்சிகளில் பெரும்பங்கு தட்சுஜி நோஜிமா என்ற இளைஞருடையது. மொத்தம் 610 கிராபிக்ஸ் ஷாட்களை முடித்தது வெறும் 35 பேர் கொண்ட குழு. 2024-ல் சிறந்த விஷுவல் எஃபெக்ட்ஸுக்கான ஆஸ்கர் அவர்களுக்குக் கிடைத்தது முழுக்க முழுக்க நியாயம்.

காட்ஸில்லா வாயிலிருந்து வெப்பக் கதிரை விடும் காட்சியை ஒருமுறையாவது நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். முதுகுத் தகடுகள் வாலிலிருந்து மேல்நோக்கி ஒவ்வொன்றாக நீல ஒளியோடு வெளியே துருத்துகின்றன. பிறகு அத்தனையும் ஒரே அடியில் உள்ளே இறங்குகின்றன. நாகசாகியில் போட்ட குண்டும் உள்ளே இருந்த புளுட்டோனியத்தை எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் அமுக்கித்தான் வெடித்தது. படத்தில் கதிர் பட்டு வெடித்ததும் காற்று வெளியே தள்ளி, சற்று நேரத்தில் உள்நோக்கி இழுக்கிறது. கடைசியில், அணுகுண்டுக்குப் பிறகு பெய்தது போலக் கறுப்பு மழை. கதிரை விட்ட காட்ஸில்லாவின் தோலே கருகிப் போகிறது. இதுவரை வந்த வெப்பக் கதிர்களில் இதற்கு ஈடு இல்லை.

ஒரு குறை உண்டு. ஃப்ரிட்ஜில் குளிரூட்டப் பயன்பட்ட ஃப்ரியான் வாயுவின் குமிழிகளால் காட்ஸில்லாவைச் சூழ்ந்து, மிதக்கும் சக்தியைக் குறைத்து, 1,500 மீட்டர் ஆழத்துக்கு மூழ்கடிப்பதுதான் திட்டம். குமிழி நிறைந்த நீரில் பொருள் மூழ்கும் என்பது சரியான இயற்பியல்தான். ஆனால் அந்தக் காலத்தில் பரவலாக இருந்த ஃப்ரியான்-12, 20 டிகிரியில் சுமார் 6 வளிமண்டல அழுத்தத்திலேயே திரவமாகிவிடும். அதாவது கடலில் அந்த அழுத்தம் இருக்கும் 50 மீட்டர் ஆழத்திலேயே குமிழிகள் மாயமாகிவிடும். திட்டத்தை வகுத்த நோடா விளக்கும் வேகத்தில் இது உறைக்காது என்றாலும், கொஞ்சம் இடிக்கத்தான் செய்கிறது.

படத்தை நல்ல ஒலியமைப்பு உள்ள இடத்தில் பாருங்கள். காட்ஸில்லாவின் உறுமலுக்காகப் பழைய ஒலியை ஒரு பேஸ்பால் மைதானத்தின் பெரிய ஸ்பீக்கர்களில் ஒலிக்கவிட்டு, அங்கே எழுந்த எதிரொலியோடு மறுபடி பதிவு செய்தார்கள். போன் ஸ்பீக்கரில் அந்த அடிநாதம் வரவே வராது. முதல் படத்தின் இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபேயின் புகழ்பெற்ற இசையும் இருக்கிறது. 1954-ல் அது மிருகத்தை எதிர்த்துப் படை கிளம்பும்போது ஒலித்தது. பின்னாளில்தான் காட்ஸில்லாவின் இசையானது. கடலில் பழைய கப்பல்கள் காட்ஸில்லாவைச் சுற்றி வளைக்கும் இடத்தில் யமசாகி அதை மறுபடி மனிதர்களிடம் கொடுத்திருக்கிறார்.