மணல் வழக்கு இருந்தவன் லண்டனில் வாகனம் பழக்கலாமா?

தங்கச்சியின் கல்யாணத்துக்காக லண்டனிலிருந்து எங்கள் ஊரான கிளிநொச்சித் தர்மபுரத்துக்கு வந்து நிற்கிறேன். வந்த மூன்றாம் நாளே பக்கத்து வளவுத் தம்பி ஒருவர் தேடி வந்து, "அண்ணை, எனக்கு இங்க ஒரு கேஸ் இருக்கு, லண்டனுக்கு வந்தாலும் உங்களை மாதிரி வாகனம் பழக்குற வேலை செய்ய விடமாட்டாங்களாமே, உண்மையா?" என்று கேட்டார். எங்கள் பக்கத்துப் பொடியன்கள் நிறையப் பேருக்கு இதே கேள்வி இருக்கும் என்று தெரியும். அதனால் எனக்கு நடந்ததை முழுதாக எழுதுகிறேன்.

2013 இல் எனக்கு 22 வயது. போரில் வீடிழந்தவர்களுக்கு இந்திய அரசு காசு கொடுத்த இந்தியன் வீட்டுத்திட்டம் எங்கள் பக்கம் மும்முரமாக நடந்த நேரம். ஒரு வீட்டுக்கு ஐந்தரை லட்சம் ரூபாய், அதுவும் பகுதி பகுதியாகத்தான் வரும். ஒரு கட்டத்தை முடித்துக் காட்டினால்தான் அடுத்த காசு என்பதால் ஒவ்வொரு வளவிலும் மணலுக்கு அவசரம். நான் மாமாவின் உழவு இயந்திரத்தில் பெட்டியைப் பூட்டிக் கனகராயன் ஆற்றுப் பக்கமிருந்து மணல் ஏற்றினேன். பெர்மிட் இல்லை. இரண்டு மாதம் ஓடியது, ஒரு விடியற்காலை பரந்தன் முல்லைத்தீவு வீதியில் பொலிஸ் மறித்தது. 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்க சுரங்கங்கள், கனிப்பொருட்கள் சட்டத்தின் கீழ் வழக்கு. குற்றத்தை ஒப்புக்கொண்டேன், தண்டப்பணம் கட்டினேன், வீட்டுக்கு வந்தேன். அன்றைக்கு அது முடிந்துபோன விஷயம் என்றுதான் நினைத்தேன். பெர்மிட் இல்லாமல் அள்ளியது பிழைதான், அதை இன்றைக்கும் நியாயப்படுத்த மாட்டேன். ஆற்றங்கரை இன்றைக்கு இருக்கிற நிலையைப் பார்த்தால் மனம் கனக்கிறது.

2016 இல் கல்யாணம் முடித்து லண்டன் போக விசாவுக்கு எழுதினேன். எந்த நாட்டிலாவது தண்டனை பெற்றிருக்கிறீர்களா என்று படிவத்தில் கேள்வி இருந்தது. நிரப்பித் தந்தவர் "தண்டப்பணம்தானே, இல்லை என்று போடுவம்" என்றார். மனைவி ஒரேயடியாக மறுத்து, "ஆம்" என்று எழுத வைத்தார். விசா கிடைத்தது. அந்த ஒரு சொல் பிறகு எனக்கு எவ்வளவு உதவியது என்று இப்போதுதான் விளங்குகிறது.

அங்கே பார்சல் வான் ஓடினேன். எங்கள் ஆட்களில், முக்கியமாகப் பெண்களில், வாகனம் ஓடப் பழக ஆசைப்படுகிறவர்கள் எத்தனையோ பேர். முன்பு எழுத்துப் பரீட்சையைத் தமிழ்க் குரலில் கேட்டுச் செய்யலாம், 2014 ஏப்ரலோடு அதை நிறுத்திவிட்டார்கள். வீதியில் ஓடும்போதாவது தமிழில் விளங்கப்படுத்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் அவர்களுக்குப் பாதிப் பயம் போய்விடும். அந்த ஆளாக நான் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

பிரித்தானியாவில் காசு வாங்கிக்கொண்டு கார் பழக்குவதற்கு டிவிஎஸ்ஏ என்ற அரச நிறுவனத்தின் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். 21 வயது நிரம்பியிருக்க வேண்டும், முழு லைசென்ஸ் மூன்று வருடமாவது வைத்திருக்க வேண்டும். அதற்கு மேல் இவர் இந்த வேலைக்குத் தகுதியும் ஒழுக்கமும் உள்ள ஆள்தானா என்று பதிவாளர் பார்ப்பார். பழகுகிறவரோடு ஒரு சின்னக் காருக்குள் தனியாக இருக்கிற வேலை, அதில் 17 வயதுப் பிள்ளைகளும் வருவார்கள். அப்படிப் பார்ப்பது சரி என்றே நினைக்கிறேன். டிபிஎஸ் என்கிற குற்றப் பதிவுச் சோதனையை மேம்பட்ட மட்டத்தில் எடுக்க வேண்டும். சாதாரண வேலைக்கென்றால் காலம் கடந்த பழைய தண்டனையைச் சொல்லத் தேவையில்லை என்று அங்கே சட்டம் இருக்கிறது. இந்த வேலைக்கு அந்தச் சலுகை இல்லை, பழையதையும் பார்ப்பார்கள்.

வீதிக் குற்றங்களுக்கு இன்னும் இறுக்கம். லைசென்ஸில் ஆறு தண்டப் புள்ளி ஏறியிருந்தால் பொதுவாக எடுக்க மாட்டார்கள். எனக்கு 2022 இல் வேகமாக ஓடியதற்கு மூன்று புள்ளி விழுந்திருந்தது, அதனால் பயந்துகொண்டுதான் இருந்தேன். மல்லாவியைச் சேர்ந்த என் மச்சான் ஒருவர் குடித்துவிட்டு ஓடிப் பிடிபட்டவர். அதற்கு ஆகக் குறைந்தது 12 மாதம் ஓடத் தடை. அந்தத் தடை முடிந்து நான்கு வருடம் போகும்வரை அவரால் விண்ணப்பிக்கவே முடியாது. ஒரு கல்யாண வீட்டு இரவு அவரை ஐந்து வருடத்துக்கு மேல் நிறுத்தி வைத்திருக்கிறது, அதை நினைத்து அவர் படும் வேதனை எனக்குத் தெரியும்.

சரி, என் மணல் வழக்குக்கு வருகிறேன். டிபிஎஸ் சோதனையில் இலங்கைப் பதிவு எதுவும் வராது, வெளிநாட்டுப் பதிவுகளைப் பார்க்க அவர்களுக்கு வழியில்லை. நண்பர்கள் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: "வராததை ஏன் நீயே போய்ச் சொல்கிறாய்?" இரண்டு இரவு நித்திரை இல்லை. ஆனால் விசாவில் ஏற்கெனவே எழுதியாகிவிட்டது. இங்கே மறைத்து, பிறகு ஒருநாள் இரண்டையும் யாராவது பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அப்போது பிரச்சினை மணலாக இருக்காது, நான் மறைத்ததாகத்தான் இருக்கும். வெறும் வாயால் சொல்லாமல் கடதாசியோடு சொல்வோம் என்று முடிவெடுத்து 2024 தையில் ஊருக்கு வந்தேன்.

அந்தக் கடதாசி எடுத்த கதைதான் பெரிய கதை. நீதிமன்றப் பதிவேட்டறையில் வழக்கு இலக்கம் கேட்டார்கள். எனக்குத் தெரியாது. பெயரைச் சொல்லித் தேடச் சொன்னேன், அப்படித் தேட முடியாது, இலக்கத்தோடு வாருங்கள் என்றார்கள். மூன்று தரம் போனேன், மூன்று தரமும் வெறுங்கையோடு திரும்பினேன். வீட்டில் சாப்பிடாமல் படுத்திருந்தபோதுதான் அம்மா என்ன விஷயம் என்று கேட்டார். சொன்னேன். எழும்பிப் போய் ட்ரங்குப் பெட்டியிலிருந்து பொலித்தீன் சுற்றிய கட்டு ஒன்றைக் கொண்டுவந்து அவிழ்த்தார். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள், முகாமில் தந்த அட்டை, எல்லாவற்றுக்கும் அடியில் 2013 ஆம் ஆண்டுத் தண்டப்பண ரசீது. இடம்பெயர்ந்து ஓடினபோது சட்டி பானையை விட்டாலும் இந்தக் கட்டை விடாமல் தூக்கி வந்தவர் அவர், அதற்குப் பிறகு எந்தக் கடதாசியையும் எறிந்ததில்லை. ரசீதில் வழக்கு இலக்கம் தெளிவாக இருந்தது.

அதற்குப் பிறகு ஒரு சட்டத்தரணியைப் பிடித்து நீதிமன்றத்துக்கு மோஷன் என்கிற விண்ணப்பம் போட்டோம், வழக்கேட்டின் சான்றுப்படுத்திய பிரதி இரண்டு கிழமையில் கிடைத்தது. அப்புறம் புதிய சிக்கல். பிரதியில் என் பெயர் ஒரு எழுத்து மாறியிருந்தது, அப்பாவின் பெயர் பாதிதான் இருந்தது. கடவுச்சீட்டில் இருப்பவனும் இவனும் ஒருவர்தான் என்று விதானையாரிடம் (கிராம சேவகர்) ஒரு கடிதம், ஜே.பி. என்கிற சமாதான நீதவான் முன்னால் ஒரு சத்தியக்கடதாசி. தமிழ்ப் பக்கங்களையும் பொலிஸ் எழுதிய சிங்களப் பக்கத்தையும் ஆங்கிலமாக்க இரண்டு சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர்கள். பொலிஸ் நற்சான்றிதழுக்கு இணையத்தில் விண்ணப்பித்தேன், கொழும்பிலிருந்து வர நாளெடுத்தது. எல்லாமாக ஏழு கிழமை போனது. மூன்றே கிழமைக்கு லீவு எடுத்து வந்தவன், மிச்ச நாள் சம்பளம் இல்லாமல் நின்றேன்.

லண்டன் திரும்பி விண்ணப்பத்தோடு ஒரு கடிதமும் எழுதினேன். ஒரு பக்கம்தான். என்ன செய்தேன், எப்போது, என்ன தண்டனை, அதற்குப் பிறகு எந்த வழக்கும் இல்லை என்பது, மூன்று புள்ளி எப்படி வந்தது என்பது. போர், வறுமை என்று நீட்டி எழுத மனம் உந்தியது, ஆனால் நான் பெர்மிட் எடுக்காததற்குப் போர் காரணமில்லை. அந்தப் பகுதியை எழுதிவிட்டு வெட்டினேன். சில கிழமைகள் கழித்துப் பதில் வந்தது. ஏற்றுக்கொண்டார்கள். வேலைத் தளத்தில் நின்று வாசித்தேன், உடனே அம்மாவுக்கு எடுத்தேன், இங்கே அப்போது நடுச்சாமம்.

பதிவேட்டில் பெயர் ஏற மூன்று பரீட்சை இருக்கிறது. முதல் பரீட்சையில் 100 கேள்விக்கு 85 சரியாக வேண்டும், நான்கு பிரிவிலும் தனித்தனியே 25க்கு 20 எடுக்க வேண்டும், ஆபத்தைக் கண்டுபிடிக்கிற வீடியோவில் 75க்கு 57. இரண்டாம் தரம்தான் சித்தியடைந்தேன். ஓட்டப் பரீட்சையில் ஆறு சின்னப் பிழைக்கு மேல் விடக்கூடாது, எனக்கு நான்கு. இனி 40 மணித்தியாலப் பயிற்சி முடித்தால் பயிற்சியில் இருக்கும்போதே காசு வாங்கிப் பழக்க விடுகிற இளஞ்சிவப்பு நிறப் பயிலுநர் லைசென்ஸுக்குக் கேட்கலாம், அது ஆறு மாதம் செல்லுபடியாகும். முதல் பரீட்சை சித்தியடைந்து இரண்டு வருடத்துக்குள் கடைசிப் பரீட்சையும் சித்தியடைய வேண்டும். பதிவான பிறகும் புதிதாக ஏதாவது தண்டனை கிடைத்தால் ஏழு நாளுக்குள் பதிவாளருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும், இதைப் பலர் கவனிப்பதில்லை.

பக்கத்து வளவுத் தம்பியின் வழக்கும் மணல்தான், டிப்பர் ஓடியவர். இங்கே இருக்கும்போதே கடதாசியை எடுத்து வையுங்கள், அங்கே போன பிறகு எடுப்பது இரட்டிப்புச் செலவு என்று சொன்னேன். ரசீது தொலைந்துவிட்டதாம், பிடிபட்ட மாதம் மட்டும் நினைவிருக்கிறது என்கிறார். திங்கட்கிழமை காலையில் அவரைக் கூட்டிக்கொண்டு பதிவேட்டறைக்குப் போகிறேன்.