குடும்பத்தோடு போய்ப் பேசுங்கள்

பையன் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று அடம்பிடித்தால், அவனுக்கு மட்டும் புத்தி சொல்லிப் பயனில்லை. கோத்தகிரியில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வீட்டில் உள்ள எல்லாரையும் ஒரே அறையில் உட்கார வைத்துப் பேசுகிறார்கள். காசு வாங்குவதில்லை.

அக்கா மகனுக்காகப் போயிருந்தோம் (அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்). ஆலோசகர் அவனை ஒன்றும் கேட்கவில்லை. "வீட்டில் முதலில் கோபப்படுவது யார்?" என்று பொதுவாகக் கேட்டார். மாமாவின் அம்மா பட்டென்று, "எம் மகன்தான். பச்சைத் தேயிலை விலை இறங்கினா அன்னிக்கு வீடு ரெண்டுபடும்" என்றார். மாமா தலையைக் குனிந்துகொண்டார். பையன் அப்புறம்தான் வாய் திறந்தான்.

பைத்தியத்துக்கா வைத்தியம் என்று கேட்பவர்களைத் தள்ளுங்கள். கோத்தகிரிக்கு வர முடியாதவர்கள் 14416-க்குக் கூப்பிடுங்கள். அரசின் டெலிமானஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவை, இலவசம், இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். பிள்ளைகளுக்கு ஆபத்து என்றால் 1098.