இரண்டாவது வடை

நேற்று ஒரு கல்யாணப் பந்தி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த குண்டுக் குழந்தைக்குப் பத்து வயது இருக்கும். இரண்டாவது வடைக்குக் கை நீட்டினாள். "போதும்மா, வாயைக் கட்டு" என்றார் எதிரே இருந்த பெரியவர். நீட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டாள். அப்புறம் பாயசத்தைக்கூடத் தொடவில்லை. எனக்குச் சோறே இறங்கவில்லை.

கேம்பிரிட்ஜில் சதாஃப் ஃபரூக்கி, ஸ்டீஃபன் ஓராஹில்லி குழுவினர் 1997-இல் நேச்சர் இதழில் எழுதிய கட்டுரைதான் நினைவுக்கு வந்தது. இரண்டு குழந்தைகள், உறவுக்காரர்கள். ஒருத்தி எட்டு வயதில் 86 கிலோ, இன்னொரு குழந்தை இரண்டு வயதில் 29 கிலோ. சாப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள், பசி அடங்கவே இல்லை. ரத்தத்தைச் சோதித்தால் லெப்டின் கிட்டத்தட்ட இல்லை. "போதும், சேமிப்பு இருக்கிறது" என்று கொழுப்புத் திசு மூளைக்குச் சொல்லும் ஹார்மோன் அது. மரபணுவில் ஒரே ஓர் எழுத்து விடுபட்டிருந்தது, அவ்வளவுதான்!

அந்தப் பெண் குழந்தைக்கு ஒன்பது வயதில் தினமும் லெப்டின் ஊசி போட்டார்கள். ஒரே வருடத்தில் 16 கிலோ குறைந்தாள். யாரும் அவளைத் திட்டவில்லை, பட்டினி போடவில்லை. பசிதான் அடங்கியது.

இந்தக் குறைபாடு மிக அரிது, சரி. எடை கூடிய பெரும்பாலோருக்கு லெப்டின் நிறையவே சுரக்கிறது, மூளை அதைச் சரியாகக் கேட்பதில்லை. அவர்களுக்கு இந்த ஊசி பெரிதாக உதவாது. ஆனால் அவர்கள் பசியும் பொய்யில்லையே.