குண்டு அத்தைக்கு சுகர் இல்லை

எங்கள் அப்பா வீட்டில் எல்லோரும் ஒல்லி. அந்த ஒல்லி உடம்பிலேயே அப்பாவுக்கு 42 வயதில் சுகர் வந்தது, பின்னாலேயே சித்தப்பாவுக்கும். கூடப் பிறந்த அத்தை மட்டும் நல்ல குண்டு. பந்தியில் ஜாங்கிரியை இரண்டாவது தடவை கேட்டு வாங்குவார். இந்த 68 வயதிலும் வெறும் வயிற்றில் 90-ஐத் தாண்டியதில்லை. "ஒட்டின வயித்தோட உங்கப்பன் மாத்திரை திங்கிறான், என்னைப் போய் டயட் இருக்கச் சொல்றியே" என்பார்.

உடம்பு போட்டால் சுகர் வரும் என்பது பெரும்பாலும் சரிதான். ஆனால் இரண்டுக்கும் ஒரே மரபணுவைக் கைகாட்ட முடியாது. 2007-ல் பிரிட்டனில் கண்டுபிடித்த எஃப்டிஓ என்ற மரபணுவின் மாறுபாடு முக்கியமாகப் பசியில் கை வைக்கிறது. அது அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வந்திருந்தால் சராசரியாக 3 கிலோ கூடுதல். சுகர் ஆபத்து அந்த எடை வழியாகத்தான். அதற்கு முந்தைய வருடம் ஐஸ்லாந்துக்காரர்கள் கண்டுபிடித்த டிசிஎஃப்7எல்2 என்ற மரபணுவின் மாறுபாடு வேறு ரகம். கணையம் இன்சுலின் சுரப்பதையே அது மந்தமாக்கும், ஆள் ஒல்லியா குண்டா என்று பார்க்காது. புனேயிலும் சென்னையிலும் நம் ஆட்களிடம் அது உறுதியாகிவிட்டது.

தலைகீழான கதை சமோவாவில். அந்த பசிபிக் தீவு மக்களில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் சிஆர்இபிஆர்எஃப் என்ற மரபணுவில் ஒரு மாறுபாடு இருப்பதை 2016-ல் கண்டார்கள். அது இருப்பவர்களுக்கு உடல் எடை கூடுதல், சுகர் வரும் ஆபத்தோ குறைவு! (அத்தைக்கும் அதுதான் என்று கிளம்பிவிடாதீர்கள். பசிபிக் தீவுக்காரர்களைத் தாண்டி அதைப் பார்ப்பதே அபூர்வம்.) அப்படியிருந்தும் சமோவாவில் சுகர் நோயாளிகள் ஏராளம். மரபணு பழசு, சாப்பாடு புதுசு. இறக்குமதியான கொழுப்பு மிகுந்த வான்கோழி வாலை 2007-ல் அரசாங்கமே தடை செய்தது. பிறகு உலக வர்த்தக அமைப்பில் சேர வேண்டும் என்பதற்காக அந்தத் தடையை விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. மரபணுவைத் திட்டி என்ன பிரயோஜனம்?

சரி, நம் ஒல்லிகளுக்கு வருவோம். 2004-ல் லான்செட் மருத்துவ இதழில் இரண்டு டாக்டர்களின் படம் வந்தது. புனேயின் யாஜ்னிக், லண்டனின் யூட்கின். இருவருக்கும் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு, ஒன்றேதான், 22.3. உடம்பில் கொழுப்பு மட்டும் யூட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. சட்டையைப் போட்டுவிட்டால் தெரியாத கொழுப்பு இது. இலவச முகாமில் எடை மெஷினைப் பார்த்துவிட்டு "உங்களுக்கெல்லாம் எதுக்கு சார் டெஸ்ட்" என்று அனுப்பும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எச்சிலைக் குழாயில் துப்பி அனுப்பும் மரபணு டெஸ்டுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்க எனக்கு மனசில்லை. சென்னை மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய மதிப்பெண் முறை ஒன்று இருக்கிறது. வயது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, பெற்றோருக்கு சுகர் உண்டா, இந்த நாலே கேள்விதான். 100-க்கு 60 வந்தாலே ஆபத்து அதிகம் என்று அர்த்தம். எடைக்கு அதில் இடமே இல்லை. தம்பிக்குப் போட்டுப் பார்த்தேன். வயது 36, அதற்கு 20. இடுப்பு 91 சென்டிமீட்டர், 10. நாளெல்லாம் நாற்காலி வேலை, உடற்பயிற்சி கிடையாது, 30. அப்பாவுக்கு சுகர், 10. ஆக 70. அவன் எடை 61 கிலோ. சனிக்கிழமை லேபுக்கு வரச் சொல்லியிருக்கிறேன், இன்னும் பிகு பண்ணுகிறான்.