பயந்து வந்தவளின் சாட்சி

சபையில் தாங்கள் விசுவாசத்துக்கு வந்த கதையைச் சாட்சியாகச் சொல்ல எழும்புகிறவர்கள் பெரும்பாலும் "ஆண்டவருடைய அன்பு என்னை இழுத்தது" என்றுதான் ஆரம்பிப்பார்கள். என்னை இழுத்தது அன்பு அல்ல, நரகம். இதை மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னால் ஒரு மாதிரி பார்ப்பார்கள் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

ஞாயிறு பள்ளியில் எங்களுக்குப் பாடம் எடுத்த அக்கா நல்லவர். பிள்ளைகளிடம் குரலை உயர்த்தவே மாட்டார். ஒரு நாள் மேஜைமேல் மெழுகுவர்த்தி ஒன்றை ஏற்றி வைத்தார். "நான் பத்து எண்ணுற வரைக்கும் யாராவது இதுல விரலை வச்சிருங்க, பார்ப்போம்" என்றார். பெரிய பையன் ஒருவன் வீறாப்பாக முன்னால் வந்தான். அக்கா பேசப் பேச அவர் மூச்சுக்குச் சுடர் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தது. அவர் "ரெண்டு" என்று சொல்வதற்குள் அவன் கையை உதறி விரலை வாயில் வைத்துக்கொண்டான். எல்லோரும் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. "ரெண்டு செகண்டுகூடத் தாங்கலையே. அங்க இதுக்கு முடிவே கிடையாது" என்று சொல்லி, புழு சாகாமலும் அக்கினி அவியாமலும் இருக்கும் என்கிற மாற்கு 9:48ஐ வாசித்தார். பிறகு கண்களை மூடச் சொல்லி, இயேசுவை ஏற்றுக்கொள்ள விரும்புகிறவர்கள் கையை உயர்த்தலாம் என்றார். நான் உயர்த்தினேன். ஓரக்கண்ணால் பார்த்தேன், அந்தப் பையன் ஒரு விரலை வாயிலிருந்து எடுக்காமலேயே மற்றக் கையை உயர்த்தியிருந்தான்.

பயத்தில் எடுத்த தீர்மானத்துக்கு ஒரு கெட்ட குணம் உண்டு, அது தங்காது. அன்று இரவு படுக்கையில் சந்தேகம் வந்தது: மனதார ஜெபித்தேனா, பயத்தில் ஒப்பித்தேனா? எதற்கும் இருக்கட்டும் என்று மறுபடி ஜெபித்தேன். அடுத்த இரவும் அதுவே. ஆமென் சொல்வதற்கு முன் தூங்கிவிட்டால் அந்த ஜெபம் செல்லுமா என்பதெல்லாம் அப்போது எனக்குப் பெரிய இறையியல் பிரச்சினை. பள்ளிவிட்டு வந்து அம்மாவைக் கூப்பிட்டுப் பதில் வராவிட்டால் இயேசு திடீரென வந்து தம்முடையவர்களை எடுத்துக்கொண்டு போகிற இரகசிய வருகை நடந்து முடிந்துவிட்டது, நான் மட்டும் கைவிடப்பட்டேன் என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். அம்மா மாடியில் துணி எடுத்துக்கொண்டிருப்பார்.

இப்போது யோசித்தால் வேறொன்று உறுத்துகிறது. அந்த இரவுகளில் பக்கத்திலேயே தம்பி தூங்கிக்கொண்டிருந்தான். நரகம் அவ்வளவு நிஜம் என்று நம்பிய நான் அவனுக்காக ஜெபித்ததாக ஞாபகமே இல்லை. அந்தப் பயத்துக்குள் என்னைத் தவிர யாருக்கும் இடமில்லை, கடவுளுக்கும்கூட. யாருடைய கோபத்துக்குத் தப்ப ஓடினேனோ அவரிடமே ஓடி ஒளியவேண்டியிருந்தது; அப்படி ஒளிந்துகொண்டு ஒருவரை எப்படி நேசிப்பது?

பயந்தவர்கள் எல்லாம் விசுவாசித்துவிடுவதும் இல்லை. கைதியாக இருந்த அப்போஸ்தலன் பவுலை விசாரித்த பேலிக்ஸ் என்கிற ரோமத் தேசாதிபதியைப் பாருங்கள். நீதி, இச்சையடக்கம், வரப்போகும் நியாயத்தீர்ப்பு என்று பவுல் பேசப்பேச அவன் பயந்துபோனான் என்கிறது அப்போஸ்தலர் 24. பயந்தவன் என்ன செய்தான்? இப்போது போ, சமயம் கிடைக்கும்போது கூப்பிடுகிறேன் என்று அனுப்பிவிட்டான். பிறகு அடிக்கடி கூப்பிட்டும் இருக்கிறான், லஞ்சம் கிடைக்கும் என்ற நம்பிக்கையில். இரண்டு வருஷம் கழித்து அவன் பதவி மாறிப் போகும்போதும் பவுல் சிறையில்தான் இருந்தார். யாக்கோபு இன்னும் வெட்டொன்று துண்டு இரண்டாக எழுதுகிறார்: பிசாசுகளும் விசுவாசித்து நடுங்குகின்றன.

இயேசு நரகத்தைப் பற்றிப் பேசவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. நான்கைந்து வசனத்தை ஒதுக்கிவிட்டு இனிக்க இனிக்கப் பேசுவது எனக்குப் பிடிக்காது. கெகென்னா என்று கிரேக்கத்தில் வருகிற நரகம் புதிய ஏற்பாட்டில் 12 இடங்களில் இருக்கிறது. அதில் 11 அவர் வாயிலிருந்து வந்தவை. ஆனால் யாரிடம் சொன்னார் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஊரே வெறுத்த வரிவசூல்காரன் சகேயுவிடம் சொல்லவில்லை, உன் வீட்டில் தங்கவேண்டும் என்றார். சமாரியப் பெண்ணிடம் சொல்லவில்லை, தண்ணீர் கேட்டார். நரகாக்கினைக்கு எப்படித் தப்புவீர்கள் என்று அவர் சீறியது வேதபாரகர்களையும் பரிசேயர்களையும் பார்த்து. மத்தேயு 25இல் நித்திய அக்கினிக்குப் போகிறவர்கள்மேல் உள்ள குற்றச்சாட்டு, பசித்தவனுக்குச் சாப்பாடு கொடுக்கவில்லை என்பது. அக்கா வாசித்த அந்த மாற்கு 9 பகுதி எங்கே ஆரம்பிக்கிறது தெரியுமா? 42ஆம் வசனத்தில். தம்மை விசுவாசிக்கிற சிறியவர்களில் ஒருவனுக்கு இடறலுண்டாக்குகிறவனுடைய கழுத்தில் ஏந்திரக்கல்லைக் கட்டிக் கடலில் தள்ளுவது அவனுக்கு நலம் என்கிறார். சிறுவர்களை இடறவைக்கும் பெரியவர்களுக்கு வந்த எச்சரிக்கையைச் சிறுவர்களிடமே திருப்பிவிட்டிருக்கிறோம்.

அப்போஸ்தலர் நடபடிகளில் கெகென்னா ஒரு தடவைகூட இல்லை. நியாயத்தீர்ப்பு இருக்கிறது. நரக அக்கினியைக் காட்டி அழைப்பு கொடுத்த பிரசங்கம் இல்லை.

அந்த வகைப் பிரசங்கத்துக்கு உதாரணமாக எல்லோரும் சொல்வது ஜோனத்தன் எட்வர்ட்ஸ் என்கிற போதகரை. 1741 ஜூலை 8ஆம் தேதி, அமெரிக்காவின் என்ஃபீல்டில், நெருப்பின்மேல் பிடித்திருக்கிற சிலந்தியைப் போல உங்களைக் கடவுள் பிடித்திருக்கிறார் என்றார். ஜனங்கள் போட்ட அலறலில் பிரசங்கத்தைத் தொடரமுடியவில்லை. அதற்கு ஆறு வருஷம் முன்னால், அவருடைய சொந்தச் சபையில் எழுப்புதல் என்கிற பக்தி அலை உச்சத்தில் இருந்த 1735இல், அவர் தாயின் சகோதரியுடைய கணவர் ஜோசப் ஹாலி, தன் ஆத்துமாவின் நிலையை நினைத்து நினைத்து மனம் உடைந்து, தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். இதையும் எட்வர்ட்ஸே எழுதிவைத்திருக்கிறார். உணர்ச்சி எவ்வளவு உக்கிரமாக இருந்தாலும் அதை மட்டும் வைத்து மெய்யான பக்தி என்று முடிவு கட்டமுடியாது என்று 1746இல் எழுதியவரும் அவர்தான். சிலந்தியை மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறவர்கள் இந்த எட்வர்ட்ஸைப் படிப்பதே இல்லை.

கத்தோலிக்கர்கள் இதில் எங்களைவிட நிதானமாக யோசித்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. 1551இல் அவர்களுடைய ஆயர்கள் கூடிய திரெந்து சங்கம் இதை நேரடியாகவே எடுத்துக்கொண்டது. பாவத்தை நினைத்து வருந்துகிற மனஸ்தாபம் நரகத்துக்குப் பயந்து வந்தால் குறைபட்டதுதான். ஆனாலும் பாவத்தை விடுகிற எண்ணமும் மன்னிப்பின் நம்பிக்கையும் கூட இருந்தால் அது கடவுள் தந்த கொடைதான், மனிதனை மாய்மாலக்காரனாக்குவதில்லை என்றது. அதோடு சண்டை ஓயவில்லை. பயமே போதுமா, கொஞ்சமாவது அன்பு வேண்டுமா என்று அடித்துக்கொண்டவர்களை, ஒருவரையொருவர் கண்டனம் செய்யாதீர்கள் என்று 1667இல் ஏழாம் அலெக்சாண்டர் பாப்பரசர் அடக்கவேண்டியதாயிற்று. இயேசு சொன்ன கதையில், சொத்தைப் பிரித்து வாங்கிப்போய் அழித்துவிட்டு வீடு திரும்புகிற கெட்ட குமாரனும் அப்பாமேல் பாசம் பொங்கித் திரும்பவில்லையே. பசி. கூலிக்காரனுக்குக்கூட அங்கே சாப்பாடு இருக்கிறது என்ற கணக்கு. ஏன் வந்தாய் என்று அப்பா கேட்கவில்லை. அதனால் பயந்து வந்தவள் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. வந்தவளை வருஷக்கணக்கில் பயத்திலேயே உட்காரவைத்ததில்தான் கோபம்.

இப்போது நானே ஞாயிறு பள்ளியில் பாடம் எடுக்கிறேன். நரகப் பாடத்தை நான் தாண்டிப் போவதைக் கவனித்த மூப்பர் ஒருவர் நிறுத்திக் கேட்டார்: "ஏம்மா, வீடு தீப்பிடிச்சா சத்தம் போட்டு எழுப்புறதுதானே அன்பு?" நல்ல கேள்வி. நரகம் உண்டு என்று நம்புகிறவர் கேட்கவேண்டிய கேள்வி, நானும் நம்புகிறவள்தான். லூக்கா 16ஐத் திறந்து காட்டினேன். இயேசு சொன்ன கதை அது. வாசலில் கிடந்த ஏழை லாசருவைக் கண்டுகொள்ளாமல் வாழ்ந்து, செத்தபின் வேதனையில் கிடக்கிற ஐசுவரியவான், லாசருவோடு இருக்கிற ஆபிரகாமிடம் இதே யோசனையைத்தான் சொல்கிறான்: என் சகோதரர் ஐந்து பேர் இருக்கிறார்கள், லாசருவை அனுப்பி எச்சரியுங்கள். நரகத்தின் பயங்கரத்தைச் சொல்லி ஆட்களைத் திருப்பலாம் என்கிற திட்டம் அந்தக் கதையில் நரகத்திலிருக்கிறவனுடையது. ஆபிரகாம் ஒத்துக்கொள்ளவில்லை. மோசேக்கும் தீர்க்கதரிசிகளுக்கும் காதுகொடுக்காதவர்கள் செத்தவன் எழுந்துபோனாலும் நம்பமாட்டார்கள் என்று முடித்துவிடுகிறான்.

மூப்பர் இரண்டு தடவை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஐசுவரியவானுக்குச் சொன்னது நமக்கு இல்லைம்மா" என்றார். அடுத்த மாதம் அந்தப் பாடத்தைத் தானே வந்து எடுக்கிறாராம். எடுக்கட்டும். கடைசி வரிசையில் பிள்ளைகளோடு நானும் உட்கார்ந்திருப்பேன், கேள்வி கேட்க அனுமதி உண்டா என்று மட்டும் கேட்டு வைத்திருக்கிறேன்.