கிளட்சை மிதித்தால் நிற்கும் சத்தம்

பழைய மேனுவல் கியர் வண்டியில் சத்தம் என்று சொன்னாலே, "எப்படிக் கேக்குது?" என்பார்கள். உய்ங், கர்ர், கடகட என்று வாயால் செய்து காட்டி எனக்கு அலுத்துப்போனது. ஒரே பேரிங்கை ஒருவர் உய்ங் என்பார், இன்னொருவர் கர்ர் என்பார். அதனால் அந்த வேலையை விட்டுவிட்டு, சத்தம் எப்போது வருகிறது, என்ன செய்தால் நிற்கிறது என்று மட்டும் பார்க்க ஆரம்பித்தேன்.

என் வண்டி இருபது வயதைத் தாண்டியது. எஞ்சின் முன்னால், ஓட்டம் பின் சக்கரத்துக்கு, ஐந்து கியர். நியூட்ரலில் நிற்கும்போதே அடியில் ஒரு கரகரப்பு. காலையில் மெலிதாக இருக்கும், ஓடிச் சூடானபின் நன்றாகக் கேட்கும். ஓட்டும்போது மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டினால் ஒரு முனகலும் சேர்ந்துகொள்ளும். பார்த்த மெக்கானிக், ஓட்டிக்கூடப் பார்க்காமல், "கிளட்ச் செட் போயிடுச்சு, மாத்திடலாம்" என்றார். பிளேட், அதை எஞ்சினோடு சேர்த்து அழுத்தும் பிரஷர் பிளேட், பெடலை மிதிக்கும்போது அந்த அழுத்தத்தை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் மூன்றும் சேர்ந்ததுதான் கிளட்ச் செட். அதை மாற்றக் கியர்பாக்ஸை இறக்க வேண்டும், பொருளைவிடக் கூலி கனமாக வரும். அவ்வளவும் செய்து முடித்தபின் அதே கரகரப்பைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

சோதனைக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம், கிளட்ச் பெடலே போதும். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, நியூட்ரலில் எஞ்சினை ஓடவிட வேண்டும். பெடலில் கால் இல்லாதபோது, வண்டி நகராவிட்டாலும் எஞ்சினின் ஓட்டத்தைக் கியர்பாக்ஸுக்குள் வாங்கும் தண்டான இன்புட் ஷாஃப்ட் எஞ்சினோடு சுற்றும். அதோடு எப்போதும் பல் கோத்திருக்கும் பக்கத்துத் தண்டான லே ஷாஃப்ட்டும் சுற்றும். பெடலை முழுதாக மிதித்துச் சற்றுப் பொறுத்தால் இரண்டும் ஓய்ந்துவிடும், அந்த நேரத்தில் பாரம் ஏறுவது ரிலீஸ் பேரிங் மேல். ஆகவே மிதிக்கும்போது சத்தம் வந்தால் ரிலீஸ் பேரிங்மேல் சந்தேகம். மிதித்ததும் நின்றால் கியர்பாக்ஸுக்குள் பார்க்க வேண்டும். பெடலில் லேசாகக் கால் பட்டதுமே நின்றுவிடுகிற கிலுகிலுப்பு பெரும்பாலும் ரிலீஸ் பேரிங்கோ அதைத் தள்ளும் ஃபோர்க்கோ தளர்ந்து ஆடுவது, உடனே பதற வேண்டியதில்லை. முழுதாக மிதித்து முதல் கியரையும் போட்டு நிற்கும்போது மட்டும் கிறீச்சிட்டால், எஞ்சினின் சுழல் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டின் பின்முனையில், இன்புட் ஷாஃப்ட்டின் நுனியைத் தாங்கி இருக்கும் பைலட் பேரிங்கைக் கவனிக்க வேண்டும். எல்லா வண்டியிலும் அது இருக்காது.

என் வண்டியில் மிதித்ததும் சத்தம் நின்றது. காலை எடுத்தால் திரும்ப வந்தது. ரிலீஸ் பேரிங்மேல் பழியில்லை என்று தெரிந்துவிட்டது.

ஆனால் இங்கே ஒரு குழப்பம் உண்டு, இதில்தான் பலர் அவசரப்பட்டுக் கியர்பாக்ஸைப் பிரித்துவிடுகிறார்கள். ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரைத் தொடாமல் ஓடும்போது, எஞ்சின் ஒரே சீராகச் சுற்றுவதில்லை, ஒவ்வொரு சிலிண்டர் வெடிப்புக்கும் ஒரு உதறல் இருக்கும். அதை வாங்கிக்கொள்ளத்தான் கிளட்ச் பிளேட்டின் நடுவில் சிறு ஸ்பிரிங்குகள் வைத்திருக்கிறார்கள். அவை தளர்ந்தால் பாரமில்லாத பற்கள் ஒன்றோடொன்று தட்டிக் கடகடக்கும். அந்தச் சத்தமும் கிளட்சை மிதித்தால் நிற்கும்! பிரித்தறிய ஒரு வழி: நின்ற இடத்திலேயே ஆக்சிலரேட்டரை மெல்ல அழுத்தி எஞ்சின் வேகத்தை நிமிடத்துக்கு 1,500 சுற்று அளவுக்கு ஏற்ற வேண்டும். பற்கள் தட்டும் சத்தமென்றால் பெரும்பாலும் அடங்கிவிடும், பேரிங் சத்தம் எஞ்சினோடு சேர்ந்து மேலே ஏறும். எனக்கு ஏறியது.

அடுத்தது கியர் ஆயில். வடிக்கிற போல்ட்டைத் தொடும் முன்னால் ஊற்றுகிற போல்ட் கழல்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். ஆயிலை வடித்துவிட்டு, மேல் போல்ட் துருப்பிடித்து அசையாமல் நின்றால் வண்டி அங்கேயே கிடக்கும். அடியில் போவதென்றால் ஸ்டாண்டு அவசியம், வெறும் ஜாக்கியை நம்பி ஒருவரும் தலையைக் கொடுக்கக் கூடாது. என் கியர்பாக்ஸில் ஊற்றும் துளையின் விளிம்பு வரை ஆயில் நிற்க வேண்டும், விரலை விட்டுப் பார்த்தால் எட்டவேயில்லை. பின்பக்க ஆயில் சீல் நெடுநாளாகக் கசிந்திருக்கிறது. வடிகால் போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தது. அது பழைய கியர்பாக்ஸில் சகஜம்தான். பசைக்குள் விரலில் குத்துகிற செதில்கள் கிடந்தனவே, அவை சகஜமில்லை. வடித்த ஆயிலில் பித்தளை மினுமினுப்பு தெரிந்தால், கியர் மாற்றும்போது வேகங்களை ஒத்துப்போக வைக்கும் சிங்க்ரோனைசர் ரிங் தேய்கிறது என்று அர்த்தம். பித்தளை காந்தத்தில் ஒட்டாது, ஆயிலை வெயிலில் சாய்த்துப் பார்க்க வேண்டும்.

வண்டியின் கையேட்டில் சொன்ன ஜிஎல்-4 தர ஆயிலையே ஊற்றினேன். ஜிஎல்-5 எண்ணில் பெரியது, ஆகவே மேல் என்று நினைப்பது சரியல்ல. ஓட்டத்தை இரு பக்கச் சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலின் பற்களில் வரும் கடும் அழுத்தத்துக்காக அதில் கந்தக-பாஸ்பரஸ் சேர்மானம் கூடுதல். சில ஆயில்களில் அது பித்தளை ரிங்குகளை அரிக்கும், வழுக்கல் கூடுவதால் கியர் விழுவதும் கடினமாகலாம். புது ஆயிலில் கரகரப்பு குறைந்தது, போகவில்லை.

ஓட்டத்தில் வந்த முனகல் மட்டும் இந்தக் கணக்கில் சேரவில்லை. ஆளில்லாத நேரான சாலையில், முனகல் வந்ததும் நியூட்ரலுக்கு மாற்றி உருளவிட்டேன். (இக்னிஷனை அணைக்கக் கூடாது, ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும் அபாயம் உண்டு, பிரேக்கின் உதவியும் போய்விடும்.) எஞ்சின் ஐடிலுக்கு இறங்கியும் முனகல் இம்மியும் மாறவில்லை, ஆகவே அது எஞ்சினோடு அல்ல, சக்கரங்களோடு சுற்றும் எதிலிருந்தோ வருகிறது. அப்புறம் மெதுவாக இடப்பக்கம் ஒடித்தேன், முனகல் ஏறியது. வலப்பக்கம் ஒடித்தபோது அடங்கியது. இடப்பக்கம் திரும்பும்போது எடை வலப்பக்கச் சக்கரங்கள் மேல் சாயும். முன் வலது சக்கரத்தைத் தூக்கி, ஒரு கையால் சுற்றிக்கொண்டே மறுகையை சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் வைத்தேன். மணலைத் திரிப்பது போன்ற சொரசொரப்பு ஸ்பிரிங் வழியாகக் கைக்கு வந்தது. இடப்பக்கச் சக்கரத்தில் அது இல்லை. ஒரு சத்தம் என்று எல்லோரும் நினைத்திருந்தது, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு சத்தங்கள்.

சக்கர பேரிங் சுலபமாக முடிந்தது. கியர்பாக்ஸுக்கு வேறொரு மெக்கானிக்கிடம் போனேன். மிதித்தால் நிற்கிறது, வேகத்தோடு ஏறுகிறது, காந்தத்தில் செதில் என்று வரிசையாகச் சொன்னதும், "இன்புட் பேரிங்கா இருக்கும், இல்ல லே ஷாஃப்ட்டா இருக்கும். எதுவானாலும் பிரிச்சுதான் பாக்கணும்" என்றார். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது, வெளியிலிருந்து அதற்குமேல் துல்லியமாகச் சொல்ல முடியாது. பிரித்ததில் இன்புட் ஷாஃப்ட் பேரிங்கின் உள்வளையத்தில் தோல் உரிந்ததுபோல் பள்ளங்கள். லே ஷாஃப்ட் பேரிங்குகளும் அதே ஆயில் பஞ்சத்தில் ஓடியவை என்பதால் சேர்த்து மாற்றச் சொன்னேன். கசிந்த சீலும் புதிது. கிளட்ச் பிளேட்டில் இன்னும் நிறைய தடிமன் இருந்ததால் அதை விட்டோம். ரிலீஸ் பேரிங்கை மட்டும் மாற்றிக்கொண்டேன், அது கெட்டிருக்கவில்லை, ஆனால் அதற்காகவே இன்னொரு தடவை கியர்பாக்ஸை இறக்குவது வீண்.

இப்போது ரிவர்ஸில் போகும்போது ஒரு உய்ங் கேட்கிறது. அது முன்பும் இருந்ததுதான். முன்னோக்கிப் போகும் கியர்களின் பற்கள் சாய்வாக வெட்டப்பட்டவை, ரிவர்ஸுக்குப் பெரும்பாலான வண்டிகளில் நேர்ப்பற்கள், அவை சத்தம் போடத்தான் செய்யும். அதைச் சரிசெய்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியைக் கொடுக்காதீர்கள்.